இடது ஓரத்தில் நின்றவர்

எங்கே போனாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "வரிசை இன்னா?" என்பதுதான். டீக்கடை, கேன்டீன், பஸ் நிறுத்தம், வல்லக்கோட்டை முருகன் கோயில், எதுவானாலும் சரி. யார் முன்னால், யார் பின்னால், தனக்கு எந்த இடம் என்று தெரிந்தால்தான் அவருக்கு நிம்மதி. தெரிந்துவிட்டால் அந்த இடத்தில் போய் நின்றுவிடுவார், அப்புறம் யார் இழுத்தாலும் அசையமாட்டார். ஒரு கிருத்திகை அன்று கோயிலுக்குள்ளிருந்து அவருடைய மச்சானே கை காட்டி, பக்கத்து வாசல் வழியாக வரச் சொல்லியிருக்கிறார். இவர் போகவில்லை. இரண்டரை மணி நேரம் வெயிலில் நின்று சாமி பார்த்திருக்கிறார். அன்று மனைவி வைத வசவை அவரே எங்களிடம் நடித்துக் காட்டிச் சிரித்தார்.

பெயரைச் சொல்லப்போவதில்லை. இன்னும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறார். நான் சொல்லப்போவதில் ஒரு விஷயம் அவருக்கே தெரியாது.

ஒரகடத்தில் கார் ஹெட்லைட் செய்யும் ஒரு கம்பெனியில் அவர் எங்கள் லைனுக்கு சூப்பர்வைசர். நான் ஏஜென்சி மூலம் வந்த கான்ட்ராக்ட் பெண். கான்ட்ராக்ட்டுக்கு மஞ்சள் தொப்பி, பெர்மனென்ட்டுக்கு நீலத் தொப்பி, சூப்பர்வைசருக்கு வெள்ளைத் தொப்பி. சேர்ந்த முதல் நாள் என்னிடம் அவர் கேட்டது ஊர் இல்லை, பேர் இல்லை. "உனக்கு முன்னாடி சேந்த பொண்ணு யாரு? அதுக்கு அப்பறம்தான் நீ பஞ்ச் வெக்கணும், இன்னா?" என்றார். வருகை பதிய பஞ்ச் வைக்கிற மெஷினுக்கு அப்படி எந்த வரிசையும் கிடையாது. ஆனாலும் வைத்தோம்.

அவர் உள்ளூர்க்காரர். "கேன்டீன் கீற எடத்துல எங்க பெரியப்பா கழனி இருந்துச்சி. இப்போ அங்கயே போயி டோக்கன் குடுத்துட்டு துன்னுகினு கீறேன்" என்று ஒருநாள் சொன்னார். வருத்தப்படப்போகிறார் என்று நினைத்து நான் முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன். அவரோ, தனக்கு முன்னால் நின்ற ஃபிட்டர் வரிசையை விட்டு நகர்ந்து இரண்டாவது வடை எடுத்துக்கொண்டதைப் பற்றித்தான் குறைபட்டுக்கொண்டிருந்தார்.

லைனின் முனையில் ஒரு பலகை தொங்கும். எங்கள் ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வட்டம். கால் வட்டம் கறுத்திருந்தால் கற்றுக்கொள்கிறாள் என்று அர்த்தம். அரை வட்டம் என்றால் பக்கத்தில் ஆள் இருந்தால் செய்வாள். முக்கால் என்றால் தனியாகச் செய்வாள். முழு வட்டம் என்றால் அடுத்தவளுக்குச் சொல்லிக்கொடுப்பாள். அந்தப் பலகையில் மார்க்கர் வைக்கும் உரிமை அவருக்கு மட்டும்தான். கெஞ்சினாலும் கால் வட்டம் கூட்டமாட்டார். பலகையின் உச்சியில் அவர் பெயரும் இருந்தது. பசை போடும் ரோபோவுக்கு நேரே தனக்குத்தானே அரை வட்டம் போட்டு வைத்திருந்தார். மேனேஜர் கேட்டபோது, "அது எனக்கு சரியா வர்ல சார்" என்றாராம்.

நான் சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. பள்ளிக்கூடத்திலேயே கராத்தே படித்துப் பிரௌன் பெல்ட் வரை வந்திருந்தேன். அதற்கு மேல் கருப்புதான். அந்தப் பெல்ட்டைத் துணிகளுக்கு நடுவே மடித்து எடுத்துக்கொண்டுதான் ஒரகடம் வந்தேன். வல்லம் போகும் சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் ஞாயிறு காலையில் வகுப்பு நடந்தது. முகூர்த்த நாளென்றால் வகுப்பு இல்லை. மறு வாரம் போனால் தரையில் பாயசம் காலில் ஒட்டும். மாஸ்டர் வேறொரு கம்பெனியில் எலக்ட்ரீஷியன். அவருக்கு அடுத்து நான்தான் மூத்தவள் என்பதால் புதிதாக வருகிறவர்களை என்னிடம் விட்டுவிடுவார். எல்லோரும் என்னை சென்பாய் என்பார்கள். மூத்த மாணவருக்குக் கராத்தேயில் அதுதான் பெயர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கூடத்துக்குள் இவர் வந்து நின்றார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சீருடை. முந்தின நாள் நான் ஓ.டி.க்கு வராததைக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் மாஸ்டரிடம், "சுகர் வந்துட்ச்சி. எதுனா பண்ணுன்னு டாக்டர் சொல்ட்டாரு. சும்மா நடக்கறது எனக்குப் புடிக்கல" என்றார். அடுத்த மூச்சில், "வரிசை இன்னா?"

மாஸ்டர் சொன்னார். அவரைப் பார்த்து நின்றால் வலது கோடியில் பிரௌன். அப்புறம் நீலம், பச்சை, ஆரஞ்சு, மஞ்சள். இடது ஓரத்தில் வெள்ளை.

"ஒரே கலர்ல ரெண்டு பேரு இருந்தா?"

"முன்னாடி சேந்தவங்க வலது பக்கம் சார்."

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். இவ்வளவு நாள் இப்படி ஓர் இடம் பக்கத்திலேயே இருந்தும் தனக்குத் தெரியாமல் போயிற்றே என்பதுபோல் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். நேரே கடைசி வெள்ளைப் பெல்ட்டிடம் போனார். அது யு.கே.ஜி. படிக்கும் வாண்டு. "நீ எப்போ சேந்த?" என்று கேட்டார். "போன வாரம்" என்றது. அதற்கு இடது பக்கத்தில் போய் நின்றுகொண்டார். மாஸ்டருக்குச் சங்கடம். "சார், நீங்க பெரியவங்க, கொஞ்சம் முன்னாடி..." என்று இழுத்தார். "இன்னா மாஸ்டர், நீங்களே கெடுத்தா எப்டி?" என்றார் இவர்.

சின்ன பெல்ட் பெரிய பெல்ட்டுக்கு முதலில் குனிந்து 'ஓஸ்' சொல்ல வேண்டும். இவர் என் முன்னால் வந்து, தொடையோடு கைகளை ஒட்டிக்கொண்டு, "ஓஸ், சென்பாய்" என்று குனிந்தார். நான் பதறிப்போய், "வணக்கம் சார்" என்றேன்.

"இங்க சார் மோர்லாம் கெடையாது. பேரு சொல்லிக் கூப்டு. இல்லன்னா வெள்ள பெல்ட்டுன்னு கூப்டு."

பேர் சொல்லிக் கூப்பிட எனக்கு நாக்கு எழவில்லை. கடைசிவரை "நீங்க", "இங்க பாருங்க" என்றே ஓட்டினேன்.

எனக்கு அவரைப் பார்க்கப் பார்க்க ஆச்சரியம் தாங்கவில்லை. வாரத்தில் ஆறு நாள் ஒரு வார்த்தையில் லைனையே நடுங்க வைக்கிறவர். ஏழாவது நாள், "முட்டியை மடக்குங்க" என்று நான் சொன்னால் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு மடக்குவார். நடிக்கிறாரா என்று உற்றுப் பார்த்தேன். ரூமில் என்னோடு இருந்த கடையநல்லூர்க்காரி, "ஏட்டி, ஞாயித்துக்கெழம பணிஞ்சதையெல்லாம் சேத்து வச்சி திங்கக்கெழம ஒன்ட்ட வாங்கிருவாரு பாத்துக்கோ" என்று பயமுறுத்தினாள். நானும் திங்கட்கிழமை அதற்குத் தயாராகவே போனேன். கூடுதலாக ஒரு திட்டு விழவில்லை. குறைவாகவும் விழவில்லை. உண்மையைச் சொன்னால் அதுதான் எனக்குக் கடுப்பு. தெரிந்தவள் என்று ஒரு சின்னச் சலுகையாவது காட்டியிருக்கலாம்.

கராத்தே பெல்ட்டைத் துவைக்கக்கூடாது என்று ஒரு வழக்கம் உண்டு. உழைப்பு அதில் ஊறியிருக்கிறது என்பார்கள். அவருடைய மனைவிக்கு அது தெரியாது. சீருடையோடு சேர்த்துத் தன் சிவப்புச் சேலையையும் ஊறப்போட்டுவிட்டார். அடுத்த ஞாயிறு இவர் இளஞ்சிவப்பு பெல்ட்டோடு வந்தார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. இவர் சிரிக்கவில்லை. மாஸ்டரிடம் போய், "இந்தக் கலருக்கு வரிசைல எடம் எதுனா கீதா மாஸ்டர்?" என்று மிகுந்த கவலையோடு கேட்டார். இல்லை என்று தெரிந்ததும் பெல்ட்டை அவிழ்த்துவிட்டு, சட்டையைக் கையால் பிடித்துக்கொண்டே அன்றைய வகுப்பு முழுவதும் செய்தார்.

ஒரே ஒருமுறைதான் அவருக்கு இரண்டும் குழம்பியது. ஒரு திங்கட்கிழமை காலை, ஷிஃப்ட் மாறும் நேரம், மெஷின் அறைத் திருப்பத்தில் நானும் அவரும் எதிரெதிரே வந்துவிட்டோம். அவருக்குப் பின்னால் பிளான்ட் மேனேஜரும் இரண்டு கஸ்டமர்களும். என்னைப் பார்த்ததும் அவர் உடம்பு தானாகவே நின்றது. கைகள் தொடையில் ஒட்டின. "ஓஸ்!" என்று லைனுக்கே கேட்கும்படி குனிந்தார். வெள்ளைத் தொப்பி என் மஞ்சள் தொப்பியின் முன்னால் தாழ்ந்தது. நானும் யோசிக்காமல் பதிலுக்குக் குனிந்து தொலைத்தேன். கஸ்டமர்கள் இதை ஏதோ கம்பெனி மரியாதை என்று நினைத்து அவர்களும் குனிந்தார்கள். ஒரு வாரத்துக்கு லைனில் யாரைப் பார்த்தாலும் ஓஸ்தான். அவருக்குக் காது வரை சிவந்துவிட்டது. குனிந்ததற்காக அல்ல. "எடம் மாறிப் போச்சி. தப்பு எம்மேலதான்" என்றார். அரை மணி நேரம் கழித்து, கையுறையில் ஓட்டை இருந்ததற்காக என்னை எல்லோர் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கினார்.

அந்த வருடம் கான்ட்ராக்ட் பெண்களில் ஆறு பேரை பெர்மனென்ட் ஆக்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. கடைசிப் பரிசோதனை மேசையில் முக்கால் வட்டம் இருந்தால் பெயர் பட்டியலில் ஏறும். அந்த மேசையில் ஒவ்வொரு ஹெட்லைட்டையும் விளக்கொளியில் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். கீறல், தூசி, குமிழி ஏதாவது இருந்தால் 'என்ஜி', அதாவது தேறாது, என்று ஸ்டிக்கர் ஒட்டிச் சிவப்புக் கூடையில் போட வேண்டும். மெஷின் எதுவும் உதவாது, வெறும் கண்தான். எனக்கு அரை வட்டம் இருந்தது. "இந்த மாசக் கடசில பாக்கலாம்" என்று அவர் சொல்லியிருந்தார். ஊரில் அம்மா கெடு வைத்திருந்தாள். "பெர்மனென்ட் ஆயிட்டா இரு. இல்லன்னா பொங்கலுக்கு வந்துரு, மாப்பிள்ள வீட்டுக்காரங்களுக்குப் பதில் சொல்லணும்லா." அந்த மாப்பிள்ளையை நான் பார்த்ததுகூட இல்லை. பார்க்கவும் விருப்பமில்லை. கால் வட்டத்துக்கு ஒரு மார்க்கர் தீற்றல். அதில் என் பிழைப்பே இருந்தது.

அந்த மாதம் மூன்றாவது ஞாயிறு கிரேடிங் வந்தது. பெல்ட் மாற்றுவதற்கான பரீட்சை. சென்னையிலிருந்து வந்தவர் பெரிய பெல்ட்டுகளைப் பார்த்துக்கொண்டார். மாஸ்டர் என் கையில் ஓர் அட்டையையும் பேனாவையும் கொடுத்து, "வெள்ளைங்கள நீ பாத்து போட்டுருமா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளைப் பெல்ட்டுகள் செய்ய வேண்டியது முதல் கட்டா. கற்பனை எதிரியோடு போடும் ஒழுங்கான சண்டை, இருபது அசைவு. அதில் ஓர் இடம் எல்லோரையும் கவிழ்க்கும். முன்னோக்கி மூன்று குத்து, மூன்றாவதில் கத்தல், அப்புறம் முதுகுப் பக்கமாக முக்கால் சுற்று சுற்றி வலப்புறம் பார்த்து நிற்க வேண்டும். சுற்றாமல் நேராக வலப்புறம் திரும்பினாலும் அதே திசைக்குத்தான் வந்து நிற்போம். பார்க்கிறவர் கண்ணசந்தால் தெரியாது. ஆனால் முதுகுக்குப் பின்னால் வருகிறவனுக்காகத்தான் அந்தச் சுற்றே. குறுக்கு வழியில் திரும்பினால் அவன் அடித்துவிட்டுப் போயிருப்பான்.

ஏழு பிள்ளைகளுக்கு நடுவே அவர் தொப்பையோடு நின்றார். அவருடைய மனைவி சுவரோரம் நின்று போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று. கத்தினார். குறுக்கு வழியில் திரும்பினார்.

நான் பார்த்தேன். ஏழடி தூரத்தில் நின்று பார்த்தேன். பாஸ் என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.

மாஸ்டர் மஞ்சள் பெல்ட்டைக் கட்டிவிட்டபோது எல்லோரும் கை தட்டினார்கள். மற்றவர்களைவிட நான்தான் பலமாகத் தட்டினேன்.

மறுநாள் டீ இடைவேளையில் அவர் என் மேசைக்கு வந்தார்.

"நேத்து மூணாவது குத்துக்கு அப்பறம் நான் எப்டித் திரும்பினேன்?"

"சரியாத்தான் திரும்புனீங்க சார்."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன் சார்."

"சரி, வேலயப் பாரு" என்று போய்விட்டார். என்னவோ பெரிய உபகாரம் செய்து, அதைச் சொல்லிக்காட்டாமலும் விட்டுவிட்டதுபோல் எனக்குப் பெருமையாக இருந்தது. அவ்வளவு முட்டாள் நான்.

புதன்கிழமை பலகையில் மார்க்கர் வைத்தார். எனக்கு மேலே இருந்தவளுக்கு முக்கால் ஆயிற்று. கீழே இருந்தவளுக்கும் ஆயிற்று. எனக்கு அரையிலேயே நின்றது. மானத்தை விட்டு அவர் மேசைக்குப் போய், "ஏன் சார்?" என்று கேட்டேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. "வூட்டுக்காரி எடுத்த வீடியோவ ஞாயித்துக்கெழம ராத்திரியே பாத்துட்டேன். தப்பாத்தான் திரும்பிகீறேன். நீ எனக்கு நேரா நின்னுகினு இருந்த. கண்ணுக்குத் தெரியலன்னா அந்த மேசைல உன்ன தனியா உக்கார வெக்க முடியாது. தெரிஞ்சும் தள்ளி வுட்டன்னா அப்பவும் முடியாது. ரெண்டுல இன்னான்னு சொல்லு."

"நீங்க என் சூப்பர்வைசர் சார். உங்களுக்கு நான் எப்படி ஃபெயில் போடுவேன்?"

அவர் என்னை விழித்துப் பார்த்தார். கோபமே இல்லை. நான் ஏதோ புரியாத பாஷையில் பேசியதுபோல் பார்த்தார்.

"அங்க நான் எங்க சூப்பர்வைசரு? அங்க நீதான பெரியவ?"

நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. இத்தனை நாள் நான் நடிப்பா என்று துருவிக்கொண்டிருந்த மனிதர் நடிக்கவே இல்லை. தொழிற்சாலையும் மண்டபமும் அவருக்கு இரண்டு தனித்தனி வரிசைகள். ஒன்றிலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறிக்கொள்வார். ஒன்றில் இருக்கும் பயம் இன்னொன்றுக்குள் வராது. ஏன் வரும்? இடது ஓரத்தில் நிற்பது அவராக விரும்பி நிற்பது. மஞ்சள் தொப்பி நானாக விரும்பிப் போட்டுக்கொண்டதா? அதை அவரிடம் கேட்க அன்று எனக்கு வாய் வரவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது என்பதுதான் என்னை இன்னும் எரித்தது.

வேலை விஷயத்தை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். பட்டியலில் என் பெயர் வரவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போய் அம்மாவோடு மூன்று நாள் சண்டை போட்டு, குன்றத்தூரில் ஒரு தோழியின் அறைக்குத் திரும்பி வந்து, வேறொரு கம்பெனியில் முதலிலிருந்து ஆரம்பித்தேன். அங்கே பெர்மனென்ட் ஆக மேலும் நான்கு வருடம் பிடித்தது. அந்த நான்கு வருடத்துக்காக அவர்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன்.

நான் சொல்ல வந்தது அந்தப் புதன்கிழமைக்கு அடுத்த ஞாயிறைப் பற்றி.

போகக்கூடாது என்றுதான் இருந்தேன். அவருக்குப் பயந்து ஒளிந்துகொண்டதாக ஆகிவிடும் என்ற வீம்பில் போனேன். அவர் எனக்கு முன்பே வந்திருந்தார். மஞ்சள் பெல்ட்டை நான்காக மடித்து மாஸ்டரிடம் நீட்டிக்கொண்டிருந்தார். "பரவால்ல சார், வெச்சிக்குங்க சார், போகப் போக வந்துரும்" என்று மாஸ்டர் மன்றாடினார். இவர் கேட்கவில்லை. பழைய வெள்ளைப் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு இடது ஓரத்துக்குப் போய்விட்டார். அந்த ஏழு பிள்ளைகளும் இப்போது மஞ்சள். யு.கே.ஜி. வாண்டுகூட அவருக்கு எட்டாத தூரத்தில் நின்றது.

நான் அவர் பக்கம் போனதும் கைகளைத் தொடையில் ஒட்டினார். "ஓஸ், சென்பாய்." புதன்கிழமை என்ற ஒரு நாளே வராததுபோல் அதே குனிவு. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"முதல் கட்டா. நீங்க மட்டும்" என்றேன்.

நடுக்கூடத்துக்கு வந்தார். மூன்று குத்து, கத்தல், குறுக்கு வழி. "தப்பு. முதல்லேருந்து." மறுபடி செய்தார். "தப்பு." மறுபடி. "இடது காலை முதுகுப் பக்கமா கொண்டு வாங்கன்னு எத்தனை தடவை சொல்றது? தப்பு." எல்லோரும் தங்கள் பயிற்சியை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். அவருக்கு மூச்சு வாங்கியது. சீருடை முதுகில் ஒட்டிவிட்டது. ஒவ்வொரு தடவையும், "சரி, சென்பாய்" என்று சொல்லிவிட்டுத் தொடங்கிய இடத்துக்கே திரும்பி நடந்தார். சர்க்கரை நோயாளி என்பது எனக்கு ஞாபகம் இருந்தது. நிறுத்தச் சொல்லவில்லை.

ஒன்பதாவதோ பத்தாவதோ தடவை, கத்தி முடித்த வேகத்தில் இடுப்பு தானாகச் சுழன்றது. இடது கால் முதுகுப் பக்கமாக வட்டமடித்து வந்து, எங்கே இறங்க வேண்டுமோ அங்கே இறங்கியது. சுத்தமான திருப்பம். எனக்கே அவ்வளவு சுத்தமாகச் செய்ய ஒரு வருடம் ஆகியிருந்தது. அவர் முகத்தில் சின்னப் பிள்ளையின் சந்தோஷம் எட்டிப் பார்த்தது. என் வாயிலிருந்து வரப்போகும் ஒரு சொல்லுக்காகக் காத்துக்கொண்டு நின்றார்.

நான் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன்.

"தப்பு" என்றேன்.

அவர் என்னைச் சந்தேகப்படவில்லை. அப்படிப் படுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். சண்டைக்கு வருவார், வீடியோ எடுக்கச் சொல்வார், நானும் புதன்கிழமையைக் கேட்டுவிடலாம் என்று வாயில் வார்த்தைகளைத் தயாராக வைத்திருந்தேன். அவரோ குனிந்து தன் கால்களைப் பார்த்தார். சந்தேகம் முழுவதும் அந்தக் கால்கள்மேல்தான். "சரி, சென்பாய்" என்று தொடங்கும் இடத்துக்கு நடந்தார்.

ஒன்று. இரண்டு. மூன்று. கத்தினார். ஒரு கணம் யோசித்தார். பிறகு, இவ்வளவு நேரம் பாடுபட்டுக் கற்றுக்கொண்ட சுற்றை அப்படியே விட்டுவிட்டு, பழைய குறுக்கு வழியிலேயே வலப்புறம் திரும்பி நின்றார். வேர்வை மூக்கு நுனியில் சொட்டிக்கொண்டிருந்தது. முஷ்டியை இறக்காமல் தலையை மட்டும் என் பக்கம் திருப்பினார்.

"இப்ப சரியா, சென்பாய்?" என்று கேட்டார்.